பேச்சு பாதியில் அறுபடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

கோவையில் பம்ப்செட் உதிரிகள் செய்யும் ஓர் ஆலையில் காலைக் கூட்டத்தையும் ஷிப்ட் மாற்றக் கூட்டத்தையும் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். வார்ப்படம், லேத், தர ஆய்வு, அசெம்பிளி, டெஸ்பாட்ச் என்று எல்லாப் பிரிவினரும் வந்து கூடும் அந்தக் கால் மணி நேரத்தில் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டினால், அதன் விலை மதியத்துக்குள் தெரிந்துவிடும். சொல்ல வந்த எச்சரிக்கை தொண்டையிலேயே நின்றுவிட, ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ஷனில் போய்ச் சேரும். திரும்பத் திரும்ப வரும் இந்தப் பழுதை எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச்சு வெட்டுப்பட்டதும் நாம் ஆளைக் குறை சொல்லத் தொடங்குகிறோம். "அவருக்குத் திமிர்", "இவருக்குப் பொறுமை கிடையாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை பழுது பெரும்பாலும் குணத்தில் இருப்பதில்லை. காதிலோ, தொலைபேசி இணைப்பிலோ, உட்கார்ந்த இடத்திலோ, வாக்கியம் முடியும் விதத்திலோ இருக்கிறது. அதனால் காசு செலவில்லாத காரணங்களை முதலில் சோதியுங்கள். ஆளைச் சந்தேகிப்பது கடைசியில் இருக்கட்டும். அந்தக் கடைசிக் காரணமே உண்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே போய் நாற்காலியை மாற்றிப்போட்டுக்கொண்டிருப்பது கோழைத்தனம்.

உங்கள் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

## அறிகுறி 1: நீங்கள் முடிக்கும் முன்பே யாராவது உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்

நேரில் பேசும்போதும் நடக்கிறதா, தொலைபேசியிலும் வீடியோ கூட்டத்திலும் மட்டும் நடக்கிறதா? இணைப்பில் மட்டும்தான் என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள். நேரிலும் நடந்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

### முதலில் பார்க்க வேண்டியது: வாக்கியம் எங்கே முடிகிறது

மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமராக இருந்தபோது தொலைக்காட்சி நேர்காணல்களில் அவரை அடிக்கடி இடைமறித்தார்கள். ஜெஃப்ரி பீட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 1982-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பேச்சு இன்னும் முடியாத இடத்திலேயே அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. முடித்துவிட்டார் என்று நினைத்துப் பேட்டியாளர் அடுத்த கேள்வியைத் தொடுத்தார். அத்தனை அதிகாரம் இருந்தவருக்கே இது நடந்தது என்றால், நம் குரலையும் ஒரு முறை சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வரும்வரை கேட்பவர் காத்திருப்பார். வந்துவிட்டால் வாசல் திறந்துவிட்டது என்று பொருள். இப்படிப் பேசிப் பாருங்கள் (காஸ்டிங் என்பது வார்ப்படத் துண்டு, புளோஹோல் என்பது வாயுவால் அதில் விழும் ஓட்டை): "நேற்று வந்த காஸ்டிங்கைப் பார்த்தோம். மூன்றில் புளோஹோல் இருந்தது. மணலில் ஈரம் அதிகம் என்று நினைக்கிறோம்." மூன்று வினைமுற்று, மூன்று திறந்த வாசல். இரண்டாவது வாக்கியம் முடிந்தவுடனேயே வார்ப்படப் பிரிவுக்காரர் தற்காப்புக்கு எழுந்துவிடுவார். மணல் ஈரம் பற்றிச் சொல்லவே முடியாது.

அதையே வினையெச்சத்தில் கோத்துச் சொல்லலாம்: "நேற்று வந்த காஸ்டிங்கைப் பார்த்ததில், மூன்றில் புளோஹோல் இருந்து, மணலின் ஈரத்தைச் சோதித்தபோது, அது அளவுக்கு மேல் இருப்பது தெரிந்தது." இடையில் எங்கே மூச்சு எடுத்தாலும் வாக்கியம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. மூச்சை 'பார்த்ததில்' என்ற இடத்தில் எடுங்கள். 'பார்த்தோம்' என்ற இடத்தில் எடுக்காதீர்கள்.

சோதனை: கூட்டத்தினரின் சம்மதத்தோடு ஒரு நாள் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மற்றவர் நுழைந்த இடங்களை மட்டும் கேளுங்கள். வினைமுற்றுக்குப் பிறகு, குரல் இறங்கிய இடத்தில் நுழைந்திருந்தால் காரணம் இதுதான். சொல்லின் நடுவிலேயே நுழைந்திருந்தால் வேறு காரணம், தொடர்ந்து படியுங்கள்.

### அடுத்தது: கண்ணும் கையும்

நீண்ட பேச்சைத் தொடங்கும்போது பேசுபவர் பார்வையை விலக்குகிறார், முடிக்கும் தறுவாயில் கேட்பவரை நிமிர்ந்து பார்க்கிறார் என்று ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1967-இல் எழுதினார். கேட்பவருக்கு அந்தப் பார்வை 'இனி நீங்கள்' என்று சொல்வதாகிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். பேசத் துடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால், அவரை நீங்களே அழைத்திருக்கிறீர்கள்.

பேச்சு மிச்சம் இருக்கும்போது நிறுத்தங்களில் கண் கோப்பின் மேலேயே இருக்கட்டும். கையை மடியில் போடாதீர்கள். கை இறங்கினால் பேச்சு முடிந்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். "இரண்டு விஷயம்" என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டி, முதல் விஷயம் முடிந்ததும் ஒரு விரலை மட்டும் மடக்குங்கள். நிமிர்ந்து நிற்கும் மற்ற விரல் உங்கள் இடத்தைக் காத்துக்கொடுக்கும். மூன்றுக்கு மேல் எண்ணாதீர்கள். ஐந்து விரலையும் காட்டினால் கேட்பவர் சலித்துப்போய் நுழைவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

### பிறகு: முன்கதை நீளமா?

பெரியவர்கள் முன்னால் பேசும்போது பலர் ஆதியிலிருந்து தொடங்குகிறார்கள். சப்ளையர் எப்போது வந்தார், யார் கையெழுத்துப் போட்டார், அப்போது மின்சாரம் இருந்ததா என்று போகிறது கதை. மேலாளர் முடிவைத் தேடிக்கொண்டிருக்கிறார், கிடைக்காததால் வெட்டுகிறார். முடிவை முதல் வாக்கியத்தில் வைத்தால் அவர் தேட வேண்டியிருக்காது. "இன்றைய டெஸ்பாட்ச் நான்கு மணி நேரம் தாமதம். காரணம் சொல்கிறேன்." இதற்குப் பிறகு கதை எவ்வளவு நீளமானாலும் பொறுமையாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

### நுழைபவர் உதவ வருகிறாரா?

சிலர் உங்கள் வாக்கியத்தைத் தாமே முடித்துக்கொடுப்பார்கள், "ஆமாம், ஆமாம்" என்று மேலே பேசுவார்கள். இவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம். மொழியியலாளர் டெபோரா டேன்னன் நியூயார்க் யூதர்களின் பேச்சில் இதைக் கண்டு, ஒத்துழைக்கும் மேற்பேச்சு என்று வகைப்படுத்தினார். நம் டீக்கடைப் பெஞ்சிலும் இதைத் தாராளமாகக் கேட்கலாம். சோதனை எளிது: நுழைந்தவர் பேசி முடித்ததும் பேச்சு உங்களிடம் திரும்பி வருகிறதா, வேறு திசைக்கு இழுத்துச் செல்லப்படுகிறதா? திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள். அது பழுதே இல்லை.

### அந்தக் கணத்தில் என்ன செய்வது

இரண்டு பேச்சு மோதினால் பெரும்பாலும் ஓரிரு அசைக்குள் ஒருவர் விலகிவிடுவார். அந்த ஓரிரு அசையை நீங்கள் விட்டுக்கொடுக்காமல் அதே குரலில், அதே வேகத்தில் தொடருங்கள். குரலை உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் அதன் பிறகு கூட்டம் உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசும், காஸ்டிங்கைப் பற்றிப் பேசாது. தொடர்ந்தும் அவர் விலகவில்லை என்றால், உள்ளங்கையை மேசை மட்டத்தில் கீழ்நோக்கி வைத்து, "சார், ஒரு வரி, முடித்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சக ஊழியரிடம் "அண்ணா, இதோ முடித்துவிட்டேன், பிறகு நீங்கள் சொல்லுங்கள்" என்றால் போதும். உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு நேராக ஒருபோதும் நீட்டாதீர்கள். போக்குவரத்தை நிறுத்தும் கை அது. சபையில் அவமதிப்பாகத்தான் படும்.

## அறிகுறி 2: உங்களால் உள்ளே நுழையவே முடியவில்லை

பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளியை அளந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சராசரி, நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் ஜப்பானியம் முதல் டேனிஷ் வரை எல்லா மொழிகளும் நொடியில் பாதிக்குள் அடங்கிவிட்டன. அவர் முடித்த பிறகு யோசித்து, வாக்கியம் அமைத்து, பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருப்பவருக்கு இடம் கிடைக்கவே கிடைக்காது. அடக்கமானவர்கள் தோற்பது இங்கேதான். அவர்களிடம் விஷயம் இல்லாமல் இல்லை.

உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். பேசப் போகிறவர் அதற்கு முன்பே அறிகுறி காட்டிவிடுகிறார்: மூச்சு இழுப்பார், முதுகை நாற்காலியிலிருந்து எடுப்பார், பேனாவைத் தூக்குவார், உதடு பிரியும். இதைக் கூட்டம் நடத்துபவர் பார்த்தால்தான் பயன். நம் ஆலைகளில் இளையவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்களும் சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டாம் வரிசையில் இருப்பார்கள். அவர்கள் மூச்சு இழுப்பது யார் கண்ணுக்கும் படாது. நடத்துபவருக்கு எதிர்ப்புறத்தில், அவர் தலை நிமிர்ந்தால் தெரியும் இடத்தில் உட்காருங்கள். அவர் இருக்கும் பக்கத்திலேயே வரிசையாக உட்கார்வது மிக மோசமான இடம். அவர் கழுத்தைத் திருப்பினால்தான் நீங்கள் தெரிவீர்கள்.

அறிகுறியைப் பெரிதாக்குங்கள். நாற்காலியை ஓர் அங்குலம் முன்னால் இழுங்கள். நோட்டைத் திறந்து மேசை மேல் வையுங்கள். முந்தையவர் கடைசி வாக்கியத்தில் இருக்கும்போதே முதல் சொல்லைத் தயாராக வைத்திருங்கள். அந்த முதல் சொல் விஷயத்தின் பெயராக இருக்கட்டும்: "மணல்—", "இரண்டாவது ஷிப்ட்—". "வந்து... நான் என்ன நினைக்கிறேன் என்றால்..." என்று தொடங்கினால் அந்த 'வந்து'விலேயே இடம் பறிபோய்விடும்.

முன்கூட்டியே இடம் கேட்டு வையுங்கள். கூட்டத்துக்கு முன்னால் நடத்துபவரிடம் சொல்லுங்கள்: "ரிஜெக்ஷன் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு நிமிடம் வேண்டும் சார்." கேட்டால் கொடுக்காதவர் அரிது.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் பழுது உங்களிடம் இல்லை, கூட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. அதை நடத்துபவர்தான் சரிசெய்ய முடியும். நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: நாற்காலிகளை எடுத்துவிட்டு வட்டமாக நிற்க வைப்பது, வயதிலும் பதவியிலும் இளையவரிடமிருந்து பேச்சைத் தொடங்குவது, மேலாளரைக் கடைசியில் பேசச் சொல்வது. மேலாளர் முதலில் கருத்துச் சொல்லிவிட்ட பிறகு "வேறு யாராவது?" என்று கேட்பது வெறும் சடங்கு.

## அறிகுறி 3: இணைப்பில் பேசும்போது மட்டும் எல்லோரும் மோதிக்கொள்கிறார்கள்

குணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மனிதர்கள் விடும் இடைவெளியே 200 மில்லிநொடி அளவுதான் என்பதை மேலே பார்த்தோம். தாமதம் அதைத் தாண்டினால் இருவருமே 'மற்றவர் பேசவில்லை' என்று நினைத்து ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். பிறகு இருவரும் "நீங்கள் சொல்லுங்கள்" என்று நிறுத்துவார்கள். பிறகு இருவரும் மறுபடியும் தொடங்குவார்கள்.

சோதனை: நீங்கள் "ஒன்று" என்று சொல்லுங்கள், மறுமுனை "இரண்டு", நீங்கள் "மூன்று" என்று பத்து வரை போங்கள். நேரில் எண்ணும் தாளம் வருகிறதா? இழுத்தால் தாமதம்தான்.

சரிசெய்யும் வரிசை: புளூடூத் கருவியைக் கழற்றிவிட்டுக் கம்பி உள்ள இயர்போனை மாட்டுங்கள். வைஃபைக்குப் பதில் கேபிளைச் செருகுங்கள். மேசை நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்ஃபோன் ஒரு நேரத்தில் ஒரு பக்கக் குரலை மட்டும் விடும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் இங்கே ஒருவர் இருமினாலும் அங்கே பேசுபவர் குரல் அறுந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் தாளம் வரவில்லை என்றால் நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை பெயர் சொல்லி அழைப்பதே பாதுகாப்பு: "டெஸ்பாட்ச், இப்போது நீங்கள்."

இன்னொன்றும் உண்டு. இரைச்சலுக்குப் பயந்து எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டால், பேசுபவருக்கு 'ம்' கொட்ட ஆளில்லாமல் போய்விடுகிறது. ம் கொட்டாத இடத்தில் நம்மவர்களால் கதை சொல்ல முடியாது. சந்தேகம் வந்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, கடைசியில் "கேட்கிறதா?" என்று கேட்பார்கள். நடத்துபவராவது மைக்கைத் திறந்து வைத்து ம் கொட்ட வேண்டும். கேமராவில் தலையாவது அசைய வேண்டும்.

## அறிகுறி 4: தலையாட்டினார், ஆனால் வேலை நடக்கவில்லை

நம் தலையாட்டலில் பல பொருள் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன், புரிந்தது, சம்மதம், நீங்கள் பெரியவர் அதனால் மறுக்கவில்லை. நான்கும் ஏறக்குறைய ஒரே அசைவுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். பக்கவாட்டில் ஆடும் நம் தலையை அவர் மறுப்பாகவோ தயக்கமாகவோ எடுத்துக்கொள்வார். ஜப்பானியர் பேச்சின் நடுவே "ஹாய், ஹாய்" என்று சொல்லும்போது கேட்கிறேன் என்றுதான் பெரும்பாலும் பொருள். அதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டு விலைப்பட்டியல் அனுப்பினால் ஏமாற்றம்தான்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்குத் தலையாட்டல் தவிர வேறு பதில் கிடையாது. "முதலில் எதை எடுக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். புரிந்தவர் இயந்திரத்தின் பெயரைச் சொல்வார். புரியாதவர் மறுபடியும் "சரி சார்" என்பார். அந்த இடத்தில் நின்று இன்னொரு முறை விளக்குங்கள்.

### கிளை: கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார், கண்ணைப் பார்க்கவில்லை

உடல்மொழிப் பயிற்சி வகுப்புகள் இங்கே செய்யும் கேடு கொஞ்சமல்ல. கைகட்டினால் எதிர்ப்பு, கண் தாழ்ந்தால் பொய் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கைகட்டி நிற்பது தலைமுறைகளாகப் பணிவின் அடையாளம். ஆசிரியர் முன் அப்படித்தான் நின்றோம். பெரியவர் பேசும்போது கண்ணை நேருக்கு நேர் பார்க்காததும் மரியாதைதான். அந்த வகுப்புக்குப் போய்வந்த ஓர் இளம் அதிகாரி, கைகட்டி நின்ற மூத்த மோல்டரை (மணல் அச்சு செய்பவரை) "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று குறிப்பெழுதிவிட்டால், அந்த மனிதருக்கு அதைவிட அநியாயம் வேறென்ன இருக்கிறது?

தகவல் தொடர்பில் 55 விழுக்காடு உடல்மொழி, 38 குரல், 7 மட்டுமே சொல் என்று ஒரு கணக்கையும் காட்டுவார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. தனிச் சொற்களையும் முகப் படங்களையும் வைத்து, ஒருவர் விருப்பத்தோடு பேசுகிறாரா வெறுப்போடு பேசுகிறாரா என்பதை மட்டும் ஊகிக்கச் செய்த சோதனைகள். உணர்ச்சியைப் பற்றிப் பேசாத இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். வால்வு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை 7 விழுக்காடு சொல்லால் விளக்க முடியாது.

முதலில் ஏசி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர் எல்லோர் முன்னும் அப்படி நிற்கிறாரா, உங்கள் முன் மட்டுமா என்று பாருங்கள். வழக்கத்திலிருந்து மாறினால் மட்டும் அர்த்தம் தேடலாம்: நேற்றுவரை நெருங்கி உட்கார்ந்தவர் இன்று வாசலருகே நிற்கிறார் என்றால், கூட்டம் முடிந்ததும் தனியே போய்க் கேளுங்கள்.

## அறிகுறி 5: ஒருவர் மட்டும் எல்லோர் பேச்சையும் வெட்டுகிறார்

காதைச் சோதியுங்கள். இதை யாரும் முதலில் நினைப்பதில்லை, ஆனால் இரைச்சலான பிரிவில் நெடுங்காலம் இருந்தவர் என்றால் இதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். கிரைண்டிங், ஷேக்-அவுட் (வார்ப்பை மணல் அச்சிலிருந்து உதறி எடுப்பது) போன்ற இடங்களின் இரைச்சல் முதலில் தின்பது உயர் அதிர்வெண் ஒலிகளை, குறிப்பாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. குரல் கேட்கும், ச, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. தாழ்ந்த குரலில் ஒருவர் வாக்கியத்தை இழுத்து முடிக்கும்போது இவருக்கு அது மௌனம். மௌனம் என்று நினைத்து, தன் குரலும் தனக்குச் சரியாகக் கேட்காததால் உரக்கப் பேசத் தொடங்குவார். மற்றவர்களுக்கு அது ஆணவமாகத் தெரியும்.

கவனியுங்கள்: மெல்லிய குரல்காரர்களை அதிகம் வெட்டுகிறாரா? ஒரு பக்கத்துக் காதைத் திருப்பிக் கேட்கிறாரா? உதட்டைப் பார்க்கிறாரா? முகக்கவசம் போட்டவர் பேசினால் தடுமாறுகிறாரா? இரண்டுக்கு 'ஆம்' வந்தாலே போதும். அவரை முகம் பார்த்து உட்கார வையுங்கள், தனியாக, மரியாதையாகச் சொல்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனைக்கு அனுப்புங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதனால் இது அவருடைய சொந்தக் குறை என்று நிர்வாகம் கைகழுவக்கூடாது.

மறந்துவிடும் பயம். சிலர் "இப்போது சொல்லாவிட்டால் மறந்துவிடும்" என்று நுழைவார்கள். ஒரு காகிதமும் பேனாவும் கொடுங்கள். "எழுதி வையுங்கள், அடுத்து உங்களிடம் வருகிறேன்" என்று சொன்னால், சொன்னபடி வாருங்கள். ஒரு தடவை வராமல் விட்டாலும் அவர் காகிதத்தை நம்பமாட்டார்.

அதிகாரம். மேலே சொன்னவை இல்லை, தன் மேலதிகாரி முன் மட்டும் அமைதியாக இருக்கிறார், கீழிருப்பவர்களை மட்டும் வெட்டுகிறார் என்றால் அவருக்கு எப்போது நிறுத்துவது என்று நன்றாகவே தெரியும். சபையில் திருத்தாதீர்கள். தனியே, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "இன்று தர ஆய்வுக்காரர் மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தப்பட்டார். அவர் சொல்ல வந்தது அளவுமானியின் கோளாறு. மதியம்தான் நமக்குத் தெரிந்தது." விளைவைக் காட்டினால் கேட்பார்கள், குணத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் அவருடைய மேலதிகாரியிடம், தேதிகளோடு.

## அறிகுறி 6: எல்லோரும் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சு மட்டும் அறுபடுகிறது

அறிகுறி 1-இல் சொன்ன கண், கை, வினைமுற்று எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்தும் அறுபடுகிறதா? அப்படியானால் அவரிடம் "இன்னும் தைரியமாகப் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்லாதீர்கள். பழுது அவரிடம் இல்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைவிட உயர்ந்த நாற்காலி கிடையாது. அங்கேயும் பெண் நீதிபதிகள் ஆண் சகாக்களாலும் வழக்கறிஞர்களாலும் அதிகமாக இடைமறிக்கப்படுகிறார்கள் என்று சட்ட ஆய்வாளர்கள் டோன்யா ஜேக்கோபியும் டிலன் ஷ்வீர்ஸும் 2017-இல் எழுதினார்கள். 2021-இல் நீதிமன்றம் வாதம் கேட்கும் முறையை மாற்றியது. ஒவ்வொரு வழக்கறிஞரின் வாதத்தின் முடிவிலும் நீதிபதிகள் பணிமூப்பு வரிசைப்படி தனித்தனியே கேள்வி கேட்க இடம் வைத்தார்கள். இடைமறிப்பு பற்றிய ஆய்வுகளும் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் சொன்னார். அங்கே பெண்களுக்குக் குரல் பயிற்சி தரவில்லை, நடைமுறையை மாற்றினார்கள். செய்ய வேண்டியது அதுதான்.

சோதனை: ஒரு வாரம், நுழைந்தவர் யார், நுழைவுக்கு ஆளானவர் யார் என்று நோட்டில் கோடு போடுங்கள். கூடவே யாரை 'நீங்கள்' என்றும் யாரை 'நீ' என்றும் அழைக்கிறார்கள், யாருக்கு நாற்காலி கிடைக்கிறது, யார் நிற்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். பெண் என்பதாலா, சாதியாலா, ஒப்பந்தத் தொழிலாளி என்பதாலா என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

செலவில்லாத முதல் நடவடிக்கை, பக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பது. "அவர் முடிக்கவில்லை. மேலே சொல்லுங்கள் மேடம்." அவ்வளவுதான். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் இதையே கூட்டாகச் செய்தார்கள்: ஒரு பெண் சொன்ன கருத்தை இன்னொரு பெண், சொன்னவர் பெயரோடு திரும்பச் சொல்வார், கருத்து வேறொருவர் பெயருக்குப் போகாமல் நிற்கும். நம் கூட்டங்களில் இதை ஆண்களும் செய்யலாம், செய்ய வேண்டும். நடத்துபவர் செய்ய வேண்டியது, வரிசைமுறையை எழுதிச் சுவரில் ஒட்டுவது.

எப்போது கூட்டத்துக்கு வெளியே புகார் கொண்டுபோக வேண்டும்? வெட்டுவதோடு பாலியல் சாடையான பேச்சோ, பார்வையோ, சைகையோ சேர்ந்தால் அன்றே. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரைப் பலர் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அங்கே ஹெச்.ஆரின் சமாதானப் பேச்சு போதாது. ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கோடு போட்ட நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி 7: நீங்கள்தான் குறுக்கிடுகிறீர்கள் என்று சொல்கிறார்கள்

மறுக்காதீர்கள், பதிவு செய்து கேளுங்கள். பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் மருத்துவர்களின் அறையில் இதைச் செய்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி, சராசரியாக 18 நொடியில் மருத்துவர் இடைமறித்தார். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தார்கள். முதலில் சொல்லும் குறையே முக்கியமான குறையாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் ஆபத்து. நம் சர்வீஸ் பிரிவுக்கும் இது அப்படியே பொருந்தும். "மோட்டார் சூடாகிறது" என்று விவசாயி தொடங்கியதும் "வோல்டேஜ் எவ்வளவு?" என்று குதித்தால், போன வாரம் கிணற்றில் தண்ணீர் இறங்கிப் பம்ப் காற்றை இழுத்ததை அவர் சொல்லாமலே போவார்.

பேனாவைக் கையில் பிடித்து அவர் சொல்வதை எழுதுங்கள். எழுதும் கைக்கு வாய் கொஞ்சம் பணியும். அவர் நிறுத்தியதும் ஒரு மூச்சு விட்டு, "வேறு ஏதாவது?" என்று ஒரு முறை கேளுங்கள். உள்ளே உட்காருங்கள், வாசலில் நின்று கேட்காதீர்கள். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நிற்பவரிடம் யாரும் முழுக் கதையைச் சொல்வதில்லை.

உடனே இடைமறிக்க வேண்டிய நேரங்களும் உண்டு. ஆபத்து, தவறான அளவு, தவறான ஆள். அப்போது மரியாதை பார்க்காமல் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.

## அறிகுறி 8: வேலை நடுவே ஆட்கள் வந்து "ஒரு நிமிடம்" என்கிறார்கள்

சுருக்கமாக முடித்துவிடலாம். விமானிகளுக்கு 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குத் தேவையில்லாத பேச்சே கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981-இல் விதி போட்டது. உங்கள் வேலையிலும் அப்படி ஒரு நேரம் இருக்கும்: அளவு எடுக்கும் நேரம், சம்பளக் கணக்கு முடிக்கும் நேரம். அதற்கு ஒரு கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வையுங்கள்: சிவப்பு அட்டை, அல்லது திருப்பிப் போட்ட நாற்காலி. எப்போது வரலாம் என்ற நேரத்தையும் அட்டையிலேயே எழுதுங்கள். நாள் முழுவதும் தொங்கும் அட்டையை யாரும் மதிக்கமாட்டார்கள்.

## அறிகுறி 9: பேசும்போது திக்குகிறது, மற்றவர்கள் வாக்கியத்தை முடித்துவிடுகிறார்கள்

மேலே சொன்ன எந்தச் சோதனையையும் திக்கிப் பேசுபவரிடம் செய்யச் சொல்லாதீர்கள். வினையெச்சத்தில் கோத்துப் பேசுங்கள், முதல் சொல்லை உரக்கச் சொல்லுங்கள் என்பதெல்லாம் அவருக்குச் சுமைதான். மாற வேண்டியவர்கள் கேட்பவர்கள். சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள், "மெதுவாகப் பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள், அவர் தடுமாறும்போது பார்வையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வரிசை வரும் முன்பே பதற்றம் ஏறும் என்பதால், வட்டமாகச் சொல்லும் கூட்டங்களில் எப்போது பேச விரும்புகிறார் என்று தனியே கேளுங்கள்.

பேச்சுப் பயிற்சி வேண்டுமா என்பது அவர் முடிவு. வேண்டும் என்றால் பேச்சு, செவித்திறன் வல்லுநர்கள் இருக்கிறார்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது. விடுப்பும் பயணச் செலவும் ஆலை தர முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பெரியவரான பிறகு திடீரென்று பேச்சு குழறத் தொடங்கியது, கூடவே வாய் கோணுகிறது, கை பலவீனமாகிறது என்றால், அது கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விஷயமே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள்.